தாலாட்டு தவிர மற்றவை

பிப்ரவரி 4

நாத்தனாருக்கு,

நலம். உன் அண்ணன் போன பிறகு நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. அவசியம் இல்லாவிட்டால் இதையும் எழுதியிருக்க மாட்டேன் என்பது உனக்கே தெரியும். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

அவர் பாடிய தாலாட்டு இப்போது எல்லார் போனிலும் ஓடுகிறது. யாரோ ஒருத்தி தன் குழந்தையைத் தூங்கவைக்கும் படத்தோடு அதைச் சேர்த்துப் போட்டாளாம், அங்கிருந்து பற்றிக்கொண்டது. கடைக்குத் துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்கள்கூட, அளவெடுக்கக் கையைத் தூக்கி நின்றபடியே அதைத்தான் முணுமுணுக்கிறார்கள். இருந்த காலத்தில், பந்தி முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு காலி நாற்காலிகளுக்குப் பாடிவிட்டு வந்த மனிதர்.

போன வாரம் வானொலி நிலையத்திலிருந்து ஒரு பெண் கடைக்கே வந்தாள். மார்ச் 8 ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்தை அவருக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்களாம். "தாலாட்டு மட்டும் தெரிஞ்சவங்க அடுத்து அவரோட எந்தப் பாட்டைக் கேக்கணும், எங்கேருந்து ஆரம்பிக்கணும்னு நீங்கதான்மா வந்து சொல்லணும்" என்றாள். நேரடி ஒலிபரப்பு. மனைவி என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டாள். நானும் தலையை ஆட்டிவிட்டேன்.

ஒன்பது கேசட்டும் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. எதை முதலில் எடுப்பது, எதைத் தொடவே கூடாது, எனக்குத் தெரியாது. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் அவரோடு போய்க் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் நீ. எனக்காக வேண்டாம். அவருக்காக, எங்கே தொடங்குவது என்று எழுது.

அண்ணி


பிப்ரவரி 12

இறைவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, கும்பிட்டுவிட்டுத்தான் பிரித்தேன். நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, உங்களிடமிருந்து எனக்கு நேரத்துக்கு வந்ததே இல்லை. என் அண்ணன் போன செய்தியையே அவர் குழுவில் தபேலா வாசிப்பவர்தான் எனக்குச் சொன்னார். நான் வந்து சேர்ந்தபோது வாசல் கழுவியாகிவிட்டது. நீங்கள் ஈரத் தரையைக் காட்டி, "பாத்து வா, வழுக்கும்" என்றீர்கள். கூடப் பிறந்தவளுக்குச் சொன்ன ஆறுதல் அவ்வளவுதான்.

அதை இப்போது எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் எதையும் மறக்கிறவள் இல்லை என்பதற்காக. பால்காரர் ஒரு நாள் அரைப்படி குறைத்ததைக்கூட நான் மறப்பதில்லை. மறக்காமல் இருப்பது பாவம் என்று எங்கள் பிரார்த்தனைக் குழுவில் ஒரு அம்மா சொல்வார். இருக்கட்டும். அண்ணன் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டீர்கள், கேட்டு இல்லை என்று சொன்னேன் என்ற பேச்சு எனக்கு வேண்டாம்.

நான்காவது கேசட்டை எடுங்கள். அட்டையில் குடை படம் போட்டிருக்கும், மழைப் பாட்டுகள். அதில் இரண்டாம் பக்கம், முதல் பாட்டு. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். தாலாட்டு வெறும் பூதான், இதுதான் அண்ணன் குரலின் வேர். இதை அப்படியே நிகழ்ச்சியில் சொல்லுங்கள், கேட்கிறவர்கள் அசந்துபோவார்கள். முழுப் பாட்டையும் போடச் சொல்லுங்கள், நடுவில் நிறுத்த விடாதீர்கள். அதை முடித்துவிட்டு அதே பக்கத்தில் மீதியையும் போட்டால் ஒரு மணி நேரம் நிறைந்துவிடும்.

உங்களுக்கு ஆண்டவன் தக்கதைச் செய்யட்டும்.

அண்ணன் தங்கை


பிப்ரவரி 20

நாத்தனாருக்கு,

கடிதம் கிடைத்தது. இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு இனிப்பாகப் பதில் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

குடை படம் போட்ட கேசட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். மற்றதெல்லாம் தேய்ந்து கிடக்க, அது மட்டும் பிரிக்காத உறையோடு புதிதாக இருந்தது. அவர் அதை வீட்டில் ஒரு தடவைகூடப் போட்டதில்லை போலிருக்கிறது. அது வெளிவந்த சமயம் நான் பிரசவத்துக்கு அம்மா வீட்டில் இருந்தேன், அதனால் எனக்கும் அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஒரே ஒரு சந்தேகம். நிச்சயமாக இதுதானா? இரண்டாம் பக்கம், முதல் பாட்டு? நாலு பேர் கேட்கிற இடம். தப்பாகிவிடக் கூடாது பார். உன் வாயால் ஒரு தடவை உறுதியாகச் சொல்லிவிடு.

அண்ணி


பிப்ரவரி 26

இறைவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

இதில் சந்தேகம் என்ன இருக்கிறது? அண்ணன் குரலை எனக்கு நீங்கள் அடையாளம் காட்ட வேண்டுமா? அவர் பாட ஆரம்பித்தால் தையல் மிஷினை மிதிக்க ஆரம்பித்தவர் நீங்கள். கதவுக்கு வெளியே நின்று, மிஷின் எப்போது நிற்கும் என்று காத்திருந்து கேட்டவள் நான்.

இரண்டாம் பக்கம், முதல் பாட்டுதான். சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வேன். உறையைப் பிரிக்காமல் வைத்திருந்தது அதன் மேல் அவருக்கு இருந்த பிரியத்தால். உயர்ந்ததை யாராவது தினம் தினம் எடுத்துப் புழங்குவார்களா?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பிரார்த்தனைக் குழுப் பெண்களை எல்லாம் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் சேர்ந்து கேட்கப்போகிறோம். தைரியமாகப் பேசுங்கள்.

அண்ணன் தங்கை


மார்ச் 10

அண்ணிக்கு,

இந்தத் தடவை மேலே சாமி பெயர் எழுதவில்லை. இதை எழுதும் கைக்கு அந்தத் தகுதி இல்லை.

பாய் விரித்து, பக்கத்து வீட்டிலிருந்து கூடுதலாக நாற்காலி வாங்கிப் போட்டு, பதினைந்து பெண்களை உட்காரவைத்து ரேடியோவைத் திருப்பினேன். அவர்கள் நடுவில் நீங்கள் என்னைக் கொண்டுபோய் நிறுத்தினீர்கள். "எங்கே ஆரம்பிக்கணும்னு எனக்குத் தெரியலம்மா. அவரோட தங்கச்சியத்தான் கேட்டேன். குழந்தையிலிருந்து அவர் குரலைக் கேட்டவ, தப்பே பண்ண மாட்டா. இதோ அவ கைப்பட எழுதினது" என்று சொல்லி, என் கடிதத்தையே எடுத்துப் படித்தீர்கள். வேர், பூ எல்லாவற்றையும் படித்தீர்கள். சத்தியம் செய்வேன் என்று எழுதியிருந்ததையும் விடவில்லை. அந்த இடத்தில் என் பக்கத்தில் இருந்த அம்மா என் கையைப் பெருமையாகப் பிடித்துக்கொண்டார்.

பாட்டைப் போட்டார்கள். ஒரு சரணம் முடிவதற்குள், "நிறுத்தும்மா. இது என் வீட்டுக்காரர் இல்ல" என்றீர்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. அண்ணன் குழுவில் இருந்த அந்தக் கீபோர்டுக்காரர், இத்தனை வருஷம் எங்கே இருந்தாரோ, நிலையத்துக்கே போன் போட்டு, "ஆமாம்மா, அது நான் பாடினதுதான்" என்று ஊர் கேட்க ஒத்துக்கொண்டார். நிகழ்ச்சி நடத்திய பெண் சிரித்துவிட்டாள். என் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவராக எழுந்து, அடுப்பில் பால் இருக்கிறது, பேரன் வந்திருப்பான் என்று செருப்பைத் தேடினார்கள். மறுநாள் வயலின் வாசிப்பவர் போனில் கேட்கிறார், "என்னம்மா, அண்ணன் குரலே மறந்துபோச்சா?" என்று. தபேலாக்காரர் கேட்கவில்லை. இரக்கப்பட்டார். அது இன்னும் மோசம்.

ஆமாம், தெரிந்துதான் எழுதினேன். அந்த வாரம் அண்ணனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கேசட் கம்பெனிக்காரர் தேதி சொல்லி விளம்பரம் செய்துவிட்டதால், அவரைப் போலவே பாடுகிற கீபோர்டுக்காரரைப் பாடவைத்து, அட்டையில் அண்ணன் பெயரைப் போட்டு விற்றார். அண்ணன் அவமானத்தில் கொஞ்ச நாள் வெளியே தலைகாட்டவில்லை. உங்களுக்கு இது தெரியாது என்று எனக்குத் தெரியும். புருஷன் குரல் தெரியாத பெண்டாட்டி என்று ஊர் உங்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று விளக்கேற்றி வேண்டிக்கொண்டேன். ஆண்டவன் கேட்டான், ஆளைத்தான் மாற்றிவிட்டான்.

இதெல்லாம் உங்களுக்கும் எனக்கும் உள்ள வழக்கு. அது ஒரு பக்கம் கிடக்கட்டும். ஒரு மணி நேரம் கிடைத்ததே, அதை என்ன செய்தீர்கள்? தாலாட்டை இரண்டு தடவை போட்டீர்கள். மீதி நேரம் அவர் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்த கதையைச் சொன்னீர்கள். கேட்டவன் என்ன நினைப்பான்? இந்த மனிதர் வாழ்நாளில் ஒரே ஒரு பாட்டுதான் பாடினார் என்றுதானே? எங்கே தொடங்குவது என்று இப்போது சொல்கிறேன், காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

தாலாட்டில் மயங்கி வருகிறவனுக்கு உடனே இன்னொரு சோகப் பாட்டைப் போடக் கூடாது. இவருக்கு அழத்தான் தெரியும் என்று நினைத்துவிடுவான். முதலில் சோப்பு விளம்பரத்துக்குப் பாடினாரே, இருபது வினாடி, அதைப் போட வேண்டும். அதில் அவர் சிரித்துக்கொண்டே பாடுவார். பல் தெரிவது காதுக்குக் கேட்கும். ஆறாவது கேசட்டின் கடைசியில், இடம் மிச்சம் இருந்ததென்று அதை ஒட்டியிருக்கிறார்கள்.

பிறகு இரண்டாவது கேசட், பக்திப் பாட்டுகள். முதல் பக்கம் வேண்டாம். அதில் வயலின் தன்னைக் காட்டிக்கொள்கிறது, அண்ணன் ஒதுங்கி நிற்கிறார். இரண்டாம் பக்கத்தில் பணம் போதாமல் வயலினை அனுப்பிவிட்டார்கள், வெறும் தம்பூராதான். குரல் அங்கேதான் நிமிர்கிறது. நான் தினமும் காலையில் போடுவது அதுதான். ஆண்டவனிடம் கெஞ்சாமல், வீட்டு ஆளிடம் பேசுவது போல் பாடியிருப்பார்.

அடுத்து ஏழாவது. யாரும் வாங்காத கேசட். அதில் உள்ள படகுப் பாட்டில் இரண்டாவது சரணத்தில் ஓர் இடம் லேசாகப் பிசகும். திருத்திப் பாடச் சொன்னதற்கு அண்ணன், "பிசகினாத்தான் படகு" என்று சொல்லிவிட்டார். அதை முதலில் கேட்டால் தப்பு என்று தோன்றும். இரண்டாவது கேசட்டைக் கேட்டுவிட்டு வந்தால்தான், வேண்டுமென்றே செய்திருக்கிறார் என்று புரியும். அதனால்தான் வரிசை முக்கியம் என்கிறேன்.

அதற்குப் பிறகு, மற்றவர்கள் பாட்டில் பின்னால் கோரஸ் பாடியவை. மூன்று போதும். கூட்டத்தில் ஒரு குரலைத் தேடிப் பிடிக்கப் பழகினவன்தான் உண்மையான ரசிகன்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருக்கிறது. ஒரு கல்யாண மண்டபத்தில் கரண்ட் போய்விட்டது. மைக் இல்லை, கீபோர்டு இல்லை. இருட்டில் அவர் பாடினார். பேட்டரி ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நாடா எந்தக் கடையிலும் இல்லை, என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. கடைசியில்தான் அதைப் போட வேண்டும். அதைக் கேட்டுவிட்டு மறுபடி தாலாட்டைப் போட்டால், அது வேறு பாட்டாக இருக்கும்.

இதை அன்றைக்கே நான் எழுதியிருந்தால் ஊர் கேட்டிருக்கும். எழுதவில்லை. உங்கள் மேல் ஓங்கியது அவர் மேல் விழுந்துவிட்டது. அதற்காக உங்களிடம் மன்னிப்புக் கேட்பேன் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

அண்ணன் தங்கை


மார்ச் 19

நாத்தனாருக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சோப்பு விளம்பரத்தைத் தேடிப் போட்டுக் கேட்டேன். நீ சொன்னது சரி. பல் தெரிகிறது.

நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று நீ கேட்கவில்லை. கேட்க உனக்கு மனசு வராது. நானே சொல்கிறேன். உன் முதல் கடிதம் வந்த அன்றே அந்தக் கேசட்டைப் போட்டுப் பார்த்துவிட்டேன். ராகம், தாளம் எனக்குத் தெரியாது. மூச்சு தெரியும். உன் அண்ணன் வரி முடிகிற இடத்தில் மூச்சு வாங்க மாட்டார். அடுத்த வரியின் முதல் சொல்லைத் தொட்டுப் பிடித்துக்கொண்டு, அங்கே நின்றுதான் வாங்குவார். ஓரம் அடித்து முடிக்கும்போது நூல் பிரியாமல் இருக்க ஒரு தையல் கூடப் போடுகிறோமே, அந்த மாதிரி. அவர் பாட ஆரம்பித்தால் நான் மிஷினை மிதிப்பேன் என்றாயே, உண்மைதான். நான் மிதிக்காவிட்டால் அவர் பாட மாட்டார். "மிதி, தாளம் வேணும்" என்பார். கதவுக்கு வெளியே நின்ற உனக்கு அது கேட்டிருக்காது. இந்தக் கீபோர்டுக்காரர் ஒவ்வொரு வரி முடிவிலும் ஒழுங்காக, மரியாதையாக மூச்சு வாங்குகிறார். யாரோ ஒருவர் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது.

உனக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்கத்தான் நிச்சயமா என்று கேட்டு எழுதினேன். நீ சத்தியத்தைக் கொண்டு வந்தாய். சரி, அவள் கேட்டதை அவளுக்கே கொடுப்போம் என்று முடிவு செய்தேன்.

எனக்கு மட்டும் மனத்தில் ஒன்றுமில்லை என்றா நினைத்தாய்? அவர் போன பத்தாவது நாள், வந்திருந்தவர்கள் அத்தனை பேர் முன்னாலும், "இந்த மிஷின் சத்தந்தான் என் அண்ணன் தொண்டைய அமுக்கிச்சு" என்று சொன்னாய். அந்த மிஷின்தான் அவர் சும்மா பாடிவிட்டு வந்த நாட்களில் எல்லாம் உலையில் அரிசி போட்டது. ஒருவர்கூட எனக்காக வாய் திறக்கவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். உன்னைப் பதினைந்து பேருக்கு முன்னால்தான் நிறுத்தினேன். என்னை நீ நிறுத்திய கூட்டம் பெரிது. இன்னும் பாக்கி இருக்கிறது.

அந்தப் பாக்கி இதோ. நிலையத்துக்கு நிறையப் போன் வந்ததாம், கீபோர்டுக்காரர் கதை அவர்களுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. ஏப்ரல் 12 மறுபடி ஒரு மணி நேரம் தருகிறார்கள். நீ சொன்ன வரிசை அப்படியே போகும். சோப்பு, இரண்டாம் கேசட், படகு, கோரஸ், எல்லாம். நான் நல்லபடியாகக் கேட்டபோது நீ தரவில்லை. உனக்குக் கோபம் வந்தால் ஒன்று விடாமல் கொட்டிவிடுவாய் என்று உன் அண்ணன் சொல்லியிருக்கிறார். அதற்காகத்தான் அன்றைக்குத் தாலாட்டையே இரண்டு தடவை போடச் சொன்னேன்.

இந்த வரிசை யார் சொன்னது என்று அந்தப் பெண் கேட்பாள். நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக் கண்டுபிடித்தேன் என்று சொல்லப்போகிறேன். தப்புக்கு உன்னைக் காட்டியாயிற்று. சரிக்கும் உன்னைக் காட்ட வேண்டும் என்று எனக்கு என்ன கட்டாயம்?

இருட்டில் பாடிய நாடாவை அனுப்பு. அனுப்பாவிட்டாலும் நிகழ்ச்சி நடக்கும். ஆனால் அவருடைய ஆகச் சிறந்த பாட்டு, உன்னால் யார் காதுக்கும் போகாமல் உன் அலமாரியிலேயே இருக்கும். யோசித்துக்கொள்.

அண்ணி


மார்ச் 27

இறைவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அண்ணிக்கு,

ஒரு வாரம் சாமி அறையில் உட்கார்ந்து யோசித்தேன். அனுப்பினால் பெயர் உங்களுக்கு. அனுப்பாவிட்டால் அண்ணனுக்கு இரண்டாவது தடவை துரோகம் செய்தவள் நான். இரண்டில் எது எனக்கு அதிகமாக வலிக்கும் என்று பார்த்துத்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நல்ல அளவு எடுத்திருக்கிறீர்கள்.

நாடாவை இந்தக் கடிதத்தோடு பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். இது நகல். அசல் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பிரார்த்தனைக் குழுவில் ஒரு அம்மாவின் மகன் எடுத்துக் கொடுத்தான். அந்தப் பெண்கள் இன்னும் என்னோடு முன்போலப் பேசுவதில்லை. நகல் எடுத்தபோது கேட்டதால் ஒருவர் மட்டும் பேசுகிறார்.

நிகழ்ச்சியில் தடுமாறாமல் இருக்க வேண்டுமே, அதனால் அதில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். போன கடிதத்தில் ஒன்றை எழுதாமல் விட்டேன், தற்பெருமை என்று ஆகிவிடும் என்பதால்.

முதலில் கூட்டத்தின் கூச்சல். கரண்ட் போன சலசலப்பு. அண்ணன் பல்லவியைத் தொடங்குகிறார். தம்பூராப் பெட்டியும் கரண்டோடு நின்றுவிட்டதால் சுருதி பிடிபடவில்லை, இரண்டாவது வரியில் நிறுத்துகிறார். அப்புறம் அவர் குரல், மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி: "தங்கச்சி, எங்கம்மா இருக்க? சுருதி குடு. நீ குடுத்தாத்தான் வரும்."

அதற்கு அடுத்தது நான். கடைசி வரிசையில், மடியில் யாருடைய குழந்தையையோ வைத்துக்கொண்டு, வாய் மூடி ஒரே சுருதியில் பிடித்திருக்கிறேன். அண்ணன் அதன் மேல் ஏறிப் பாடுகிறார். பாட்டு முடிகிறவரை அடியில் என் குரல் ஓடுகிறது. நடுவில் இன்னொரு இடத்தில், மூச்சு வாங்கும்போது, நீங்கள் சொன்ன அதே இடத்தில்தான், "அப்படித்தான், விட்டுடாத" என்கிறார். பாட்டோடு பாட்டாக.

நீங்கள் தாராளமாகச் சொல்லுங்கள், நானே கேட்டுக் கண்டுபிடித்தேன் என்று. எந்த இடத்தில் வேண்டுமானாலும் சொல்லுங்கள். அதற்குப் பிறகு இதைத்தானே போட்டாக வேண்டும்.

அவர் என்னைக் கூப்பிடுகிற இடத்தை எடுத்துவிடலாம் என்று தோன்றும். எடுத்தால், நின்ற பாட்டு எப்படி மறுபடி கிளம்பியது என்று கேட்கிறவனுக்குப் புரியாது. என் குரலை எடுத்தால் அவருடையதும் கூடவே வந்துவிடும், இரண்டும் ஒரே நாடாவில் ஒன்றாக ஓடுகின்றன. ஆனாலும் நீங்கள் வெட்டித் தைப்பதில் கெட்டிக்காரர். கத்திரிக்கோல் உங்கள் கையில்தான் இருக்கிறது.

தங்கை